கூதிர்காலத்துப் புதுத்துணி: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இணையர் உடுத்தும் வழக்கங்கள்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டையும் கருநாடகத்தையும் ஒட்டிக் கிடப்பவை சித்தூர், திருப்பதி மாவட்டங்கள். புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை முடியும் மூன்று மாதங்களில் இங்கே திருமலைப் பிரம்மோற்சவம், தசரா, தீபாவளி, கேதார கௌரி நோன்பு, கார்த்திகைத் தீபம், திருச்சானூர்த் திருவிழா, அவற்றையொட்டிய கல்யாண முகூர்த்தங்கள் எல்லாம் ஒன்றன் தோளை ஒன்று இடித்துக்கொண்டு வருகின்றன. இவற்றில் சடங்குக்கென்று உடுத்தும் புதுத்துணியை உடுத்துகிறவரே தேர்ந்தெடுப்பது குறைவு. அது பிறந்த வீட்டிலிருந்தோ புகுந்த வீட்டிலிருந்தோ கோயிலிலிருந்தோ வந்து சேரும். வரும்போது வேட்டியும் சேலையுமாக, இருவருக்கும் சேர்த்தே வரும். தெய்வத்துக்கும் அதே முறைதான்.

இந்தப் பருவம் ஐரோப்பிய, வட அமெரிக்க இலையுதிர்காலத்தோடு நாள்காட்டியில் மட்டுமே பொருந்துகிறது. திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காடுகளில் செம்மரம் உள்ளிட்ட மரங்கள் இலை உதிர்ப்பது பனி முடிந்து வெயில் ஏறும் வறண்ட மாதங்களில்தான். அக்டோபரிலும் நவம்பரிலும் காடு ஆண்டிலேயே மிகப் பசுமையாக நிற்கும். தென்மேற்குப் பருவமழையின் கடைசித் தூறலும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் இங்கே சந்திக்கின்றன. வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் நவம்பரில் மலையில் மோதிக் கொட்டுகின்றன. 2021 நவம்பர் நடுவில் பெய்த மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. மலைப்பாதைகளை மூட வேண்டியிருந்தது. ஆகவே இங்கே பருவம் உடையிடம் கேட்பது கதகதப்பை அல்ல, ஈரத்தைத் தாங்கும் திறனை.

உயரத்துக்கு உயரம் தேவை மாறும். திருப்பதி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டரிலும் சித்தூர் 300 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்க, திருமலை 850 மீட்டரை ஒட்டி நிற்கிறது. மேற்கே பலமநேரும் மதனப்பள்ளியும் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில், சுமார் 700 மீட்டரில் உள்ளன. கீழே பருத்தி போதும். திருமலையில் கார்த்திகை இரவுகளைக் கழிக்கிறவர்களுக்கும் பலமநேர் பக்கத்து விவசாயிக்கும் கம்பளி வேண்டும். ஆனால் கம்பளி இங்கே குளிருக்கான பொருள் மட்டும்தான். பண்டிகை உடையில் அதற்கு இடமில்லை. அந்த இடம் பட்டுக்கு உரியது, அதற்கு அழகைத் தவிர நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. பூசைக்கு உடுத்தும் பருத்தித் துணியை அன்றன்று நனைத்து உலர்த்தி மடியாக உடுத்த வேண்டும் என்பது பழைய ஆசாரம். ஐப்பசி அடைமழையில் துணி எங்கே உலரும்? பட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. நனைக்காமலே அது மடியாகக் கருதப்படுகிறது. நோன்புகள் மிகுந்த பருவமும் துணி உலராத பருவமும் ஒன்றாக அமைந்த ஊரில் வசதி குறைந்த குடும்பமும் கல்யாணப் பட்டைப் பெட்டியில் காத்து வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பட்டையும் பருத்தியையும் தரும் தறிகள் தொலைவில் இல்லை. மதனப்பள்ளியை அடுத்த நீருகட்டுவாரிப்பள்ளியில் பட்டு நெசவு நடக்கிறது. நகரி, புத்தூர், நாராயணவனம் பகுதிகள் நெசவாளர் குடியிருப்புகள். அவற்றில் கைத்தறியின் இடத்தை விசைத்தறி பெருமளவு பிடித்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் தனியாக அமைந்தபோது நெல்லூரிலிருந்து வந்து சேர்ந்த வெங்கடகிரி ஊர், வேலுகோட்டி ஜமீன்தார்களின் ஆதரவில் வளர்ந்த மெல்லிய பருத்திச் சேலைக்குப் பேர்போனது. உடலில் ஜம்தானி முறையில் பூவேலை, ஓரத்தில் சரிகை. ஈரக்காற்றிலும் உடம்பில் ஒட்டாத நெசவு.

ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது இந்தப் பருவத்தோடு உறவும் பகையும் கொண்ட தொழில். முரட்டுப் பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு மசி பரவாமல் காக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்க வைத்து எடுத்த மசி, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்பாகும். மூங்கில் எழுதுகோலின் நுனியில் சுற்றிய துணி அந்த மசியை உறிஞ்சி மெல்லக் கசியவிடும். சிவப்புக்குப் படிகாரம் தடவி வேர்ச்சாயத்தில் கொதிக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு ஓடும் நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். சுவர்ணமுகி ஆற்றில் நீர் வருவது பெரும்பாலும் மழைக்காலத்தில்தான், வெயில் இல்லாததும் மழைக்காலத்தில்தான். 1950களில் கைவினை மீட்புக்கு உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயா போன்றோரின் முயற்சியால் இங்கே பயிற்சி நிலையம் வந்து கலை மீண்டும் தழைத்தது. அதுவரை கோயில் திரைச்சீலையாகவே பெரிதும் இருந்த கலம்காரி பின்னர்ச் சேலையாகவும் துப்பட்டாவாகவும் ஆண்களின் மேல்துணியாகவும் இறங்கி வந்தது. பண்டிகைக்குக் கணவன் மனைவி இருவரும் ஒரே கலம்காரித் துணியில் சட்டையும் ரவிக்கையும் தைத்துக்கொள்வது அண்மைக்கால மோகம். அதில் அச்சுத் துணியே அதிகம், கையால் எழுதியது குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பண்டிகை எந்த நாளில் வருகிறது என்பதே இந்த வட்டாரத்தில் எளிய கேள்வி அல்ல. தெலுங்குக் குடும்பங்கள் சந்திரமானப்படி ஆச்வயுஜம், கார்த்திகம் என்று சரத் ருதுவைக் கணக்கிடுகின்றன. தமிழ்க் குடும்பங்களுக்குச் சூரியமானம்: ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். 1911இல் வட ஆர்க்காட்டுத் தாலுகாக்கள் சிலவற்றையும் சேர்த்து உருவாக்கிய சித்தூர் மாவட்டத்தில் இரண்டு கணக்கும் அடுத்தடுத்த வீடுகளில் புழங்கின. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்து எல்லை மாறிய பிறகும் அது தொடர்ந்தது. சுவையான செய்தி, திருமலை வட்டாரக் கோயில்கள் பல விழாக்களுக்குத் தமிழர் போலச் சூரிய மாதத்தையே கைக்கொள்வது. திருச்சானூர்ப் பத்மாவதித் தாயார் திருவிழாவின் நிறைவான பஞ்சமி தீர்த்தம் 2023இல் நவம்பர் 18ஆம் தேதியும் 2024இல் டிசம்பர் 6ஆம் தேதியும் வந்தது. பின்னதில் தெலுங்குக் கணக்குப்படி கார்த்திகம் முடிந்து மார்கசீரிஷம் பிறந்துவிட்டது. தமிழ்க் கணக்குப்படி அது கார்த்திகைதான். இதேபோல் ‘பெரட்டாசி’ சனிக்கிழமை என்று தமிழ் மாதப் பெயரைச் சொல்லியே விரதம் இருக்கும் தெலுங்குக் குடும்பங்களைத் திருப்பதியில் காணலாம்.

புரட்டாசியே பருவத்தின் வாசல். அசைவம் விலக்கி, மஞ்சள் வேட்டியும் மஞ்சள் சேலையும் உடுத்தித் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வருகிறவர்களால் நகரியும் புத்தூரும் இம்மாதம் நிறம் மாறிவிடும். நேர்த்திக்கடன் கணவன் பெயரில் இருந்தாலும் மனைவியும் சேர்ந்தே மஞ்சள் உடுத்துவது வழக்கம். காணிக்கையை முடிந்து வைக்கும் துணியும் மஞ்சளே. இந்த மாதத்தையொட்டி ஒன்பது நாள் நடக்கும் பிரம்மோற்சவத்தின் தொடக்கத்தில் மாநில முதலமைச்சர் பட்டுத் துணியைத் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து வந்து சமர்ப்பிக்கிறார். அரசு மதம் சாராதது என்றாலும், விஜயநகர மன்னர் காலத்துக் கொடை முறையின் சாயல் அதில் தெரிகிறது. சந்திரமானத்தில் கூடுதலாக அதிக மாதம் வரும் ஆண்டுகளில் விழாவே இருமுறை நடக்கும். 2023இல் செப்டம்பரிலும் அக்டோபரிலும் அப்படி நடந்தது.

விழாவின் ஐந்தாம் நாள் காலையில் திருமலை உற்சவரான மலையப்ப சுவாமி மோகினியாகச் சேலை கட்டிப் பல்லக்கில் வருகிறார். கிருஷ்ணரும் உடன் எழுந்தருள்வார். அன்றைய அலங்காரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வந்திருக்கும். சூடிக்கொடுத்தவளின் மாலை மணாளனுக்குப் போவது என்ற ஆண்டாள் கதையின் உறவு இங்கே ஒவ்வோர் ஆண்டும் செயலாகிறது. உடை மாற்றம் என்றதும் இவ்வூரில் பலருக்கு நினைவு வருவது மே மாதத்துத் தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையும் அதில் ஆண்கள் சேலை கட்டி வேடம் போடுவதும்தான். அந்த வேடங்களை ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கோடையின் அந்தச் சேலை தெருவுக்குரியது. கூதிரின் மோகினிச் சேலை ஆகமத்துக்குரியது. இரண்டையும் ஒரே ஊர் வைத்துக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

தீபாவளியில் துணியின் பயணம் வீட்டுக்குள் வருகிறது. தமிழ்க் குடும்பங்களில் சதுர்த்தசி விடியலுக்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பூசையில் வைத்து ஓரத்தில் மஞ்சள் தொட்ட புதுத்துணியைப் பெரியவர் கையால் வாங்கி உடுத்துவார்கள். தெலுங்குக் குடும்பங்களில் அமாவாசை மாலையின் லட்சுமி பூசைக்கே முதன்மை. இரு மொழியும் கலந்த வீடுகளில் இரண்டும் நடக்கும், சில ஆண்டுகளில் இரண்டு நாளாக. தலைதீபாவளிக்குப் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் பெண் வீட்டில் இருப்பார்கள். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, பெண்ணுக்குப் பட்டு, மோதிரமோ சங்கிலியோ வசதிப்படி. இந்தச் சீரின் அளவைப் பற்றி எழும் மனக்கசப்பும் அதே அளவு பழைய வழக்கம். திருமலையில் தீபாவளி ஆஸ்தானம் அமாவாசையன்று நடக்கிறது. ஸ்ரீதேவி, பூதேவியுடன் மலையப்ப சுவாமியைச் சர்வபூபால வாகனத்தில் எழுந்தருளச் செய்து, மூலவருக்கும் உற்சவருக்கும் புதுப்பட்டு சாத்துவார்கள். வீட்டிலும் கோயிலிலும் அன்று நடப்பது ஏறத்தாழ ஒன்றே.

அதே அமாவாசையில் வரும் கேதார கௌரி நோன்பு, இப்பருவத்து இணையர் வழக்கங்களில் பொருட்செறிவு மிக்கது. பிருங்கி முனிவர் சிவனை மட்டும் வலம் வந்து தன்னை ஒதுக்கியதால் வருந்திய கௌரி, கௌதமர் சொன்ன முறையில் நோன்பிருந்து இறைவன் உடலில் பாதியைப் பெற்றாள் என்பது கதை. கணக்கு எல்லாம் 21: அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, மஞ்சள் நூல் 21 இழை. அதிரசத்தைச் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் கஜ்ஜாயம் என்பார்கள். போன ஆண்டுக் கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக்கயிற்றைக் கணவன் வலக்கையிலும் மனைவி இடக்கையிலும் கட்டிக்கொள்வார்கள். நோன்பு குடும்ப வழியாக வருவது. அது உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் மாமியாரிடமிருந்து அதை ஏற்றுக்கொள்கிறாள், இல்லாத வீட்டார் விரும்பியவுடன் தொடங்குவதில்லை. புதுப்பட்டு வாங்க முடியாத ஆண்டில் பழைய சேலையைத் துவைத்து உடுத்தி நோன்பை முடிக்கலாம். கயிறு இல்லாமல் முடிக்க முடியாது. இணையருக்கான உடை என்று இந்த வட்டாரத்தில் எதையாவது சுட்ட வேண்டுமானால் பட்டைக் காட்டிலும் இந்தக் கயிற்றுக்கே உரிமை அதிகம்: இருவருக்கும் ஒரே பொருள், ஒரே நாளில், ஆண்டு முழுவதும் நினைவில் நிற்பது. கடலோர ஆந்திராவில் ஆச்வயுஜ பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் பெண்கள் கணவன் நலனுக்காக இருக்கும் அட்லதத்தியும், வட இந்தியாவின் கர்வா சௌத்தும் இதற்கு உறவானவை. அவற்றில் பட்டினி மனைவிக்கு மட்டும். கேதார நோன்பில் கணவனுக்கும் பங்குண்டு.

கார்த்திகையில் விளக்கும் தண்ணீரும் முன்னுக்கு வருகின்றன. பௌர்ணமியன்று திருப்பதி அடிவாரத்துக் கபிலதீர்த்தத்தில் முக்கோடி நீராடல் நடக்கும். ஈர உடையோடு விளக்கேற்றும் அந்தக் கூட்டத்தில் பட்டுக்கு வேலையில்லை, பருத்தியே ஆளும். வளர்பிறைத் துவாதசியில் துளசிச் செடியோடு நெல்லிக்கிளையை நட்டுத் திருக்கல்யாணம் செய்வார்கள். செடிக்கும் ஒரு ரவிக்கைத் துண்டு உண்டு. சத்தியநாராயண விரதத்தைத் தம்பதியர் சேர்ந்து செய்யும்போது ஆணின் மேல்துணி முனையையும் பெண்ணின் முந்தானையையும் முடிந்துகொள்கிறார்கள். கல்யாண நாளில் போட்ட முடிச்சு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இதற்கு மேல்துணி கட்டாயம். கால்சட்டையும் சட்டையுமாக வந்த கணவனுக்கு அண்டை வீட்டிலிருந்து ஒரு துண்டு கடன் வாங்கி வருவது வழக்கமான காட்சி.

இதே மாதத்தில் திருச்சானூரில் நடக்கும் திருவிழா, துணியைக் கணவன் மனைவி உறவின் மொழியாகவே ஆக்கிவிட்டது. பத்மாவதித் தாயாரான அலர்மேல்மங்கையின் கோயில் கீழே சமவெளியில், வேங்கடவன் மேலே மலையில். பஞ்சமி தீர்த்தத்தன்று மலையிலிருந்து தாயாருக்குச் சீர் வருகிறது, தெலுங்கில் சாரெ. பட்டுச்சேலை, ரவிக்கை, மஞ்சள், குங்குமம், துளசி மாலை, நகை, லட்டு வடை முதலிய பணியாரங்கள் எல்லாம் படிப்பாதை வழியாக அலிபிரிக்கு இறங்கி, யானை மீதேறி, கோதண்டராமர், கோவிந்தராஜர் கோயில்களின் மரியாதையோடு திருச்சானூர் சேரும். அதன் பிறகே குளத்தில் நீராட்டம். பிறந்த வீட்டுச் சீரைப் பெண்கள் நன்கறிவார்கள். இங்கே சீர் அனுப்புகிறவர் கணவரே. சேலையின் விலை என்ன, சரிகை எவ்வளவு என்று அன்று திருச்சானூர்க் கூட்டத்தில் நடக்கும் பேச்சில் பக்தி குறைவதாக யாரும் நினைப்பதில்லை.

கோயில்களுக்கு இடையிலும் துணி போய்வருகிறது. ஆடி தொடங்கும் நாளையொட்டிய ஆனிவார ஆஸ்தானத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து திருமலைக்குப் பட்டு வரும்; பதிலாகக் கைசிக ஏகாதசிக்குத் திருமலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போகும். கைசிக ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்துகிறார்கள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். கூதிரின் குளிரும் அந்த வழக்கத்தில் ஒளிந்திருக்கலாம்.

புதுமணத் தம்பதியருக்கு இவ்வட்டாரத்தில் தனிப் பாதையே உண்டு. ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் ஸ்ரீநிவாசனுக்கும் கல்யாணம் நடந்த ஊர் நாராயணவனம் என்பது தலபுராணம். மணமான ஆறு மாதத்துக்குள் மலையேறக் கூடாது என்று அகத்தியர் சொன்னதால் இருவரும் தங்கிய இடம் ஸ்ரீநிவாசமங்காபுரம். திருமலைக்குப் போக இயலாதவர்களும் புதுமணத் தம்பதியரும் மங்காபுரத்துக் கல்யாண வேங்கடேசுவரரை வணங்கிக் கங்கணம் கட்டிக்கொள்வது அந்தக் கதையை ஒட்டியது. முகூர்த்தப் பட்டையே மீண்டும் உடுத்தி வருகிறவர்கள் ஏராளம். நாராயணவனம் நெசவூராகவும் இருப்பது, தெய்வக் கல்யாணமும் தறியும் ஒரே தெருவில் அமைந்த பொருத்தம்.

திருமலையில் நாள்தோறும் நடக்கும் கல்யாண உற்சவத்தில் கட்டணம் செலுத்திய தம்பதியர் கலந்துகொள்கிறார்கள். ஆணுக்கு வேட்டியும் மேல்துணியும், பெண்ணுக்குச் சேலை. கீர்த்தனைப் புலவர் அன்னமாச்சாரியாரின் தாள்ளப்பாக்கம் மரபினர் இதில் பெண் வீட்டார் இடத்தில் நின்று கன்னிகாதானம் செய்கிறார்கள். பங்கேற்ற தம்பதிக்குப் பிரசாதத்தோடு ஓர் உத்தரீயமும் ஒரு ரவிக்கைத் துண்டும் கிடைக்கும். பிரம்மோற்சவ நாள்களில் இந்தச் சேவை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் மிகுதி. 2016 முதல் திருமலைக் கல்யாண வேதிகையில் தேவஸ்தானம் இலவசத் திருமணங்களையும் நடத்தி வருகிறது. தெய்வத்துக்கு வந்த சேலைகளும் வேட்டிகளும் ஏலத்தின் வழியே மீண்டும் வீடுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. கொடையாக மலையேறிய துணி விலைக்கு இறங்குகிறது. பக்தர்கள் அதைக் குறையாகக் கருதுவதில்லை. ஏலத்தில் எடுத்த சேலையை மகள் கல்யாணத்துக்கு வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

இன்றைய இளம் இணையரிடம் இரண்டு போக்குகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒருபுறம் தரிசனத்துக்கே மரபுடை விதி வந்துவிட்டது: ஆணுக்கு வேட்டி அல்லது குர்தா பைஜாமா, பெண்ணுக்குச் சேலை, பாவாடை தாவணி அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். விதி தெரியாமல் ஜீன்ஸில் வந்தவர்களுக்கு வேட்டி விற்பதே வாயிலருகே ஒரு சிறு வணிகம். மறுபுறம், சேலைக் கரையின் நிறத்திலேயே சட்டை, அதே நிறத்தில் குழந்தைக்குப் பாவாடை என்று ஜோடியுடையைப் புகைப்படத்துக்காகவே வாங்கும் பழக்கம். சென்னை தியாகராய நகர்க் கடைகளும் காஞ்சிபுரமும் இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் இருப்பதால் திருப்பதி ஜவுளிக்கடைகள் அவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர் மாறினாலும் பழைய முறை முற்றாகப் போகவில்லை: ஒரே நிறம் யார் விருப்பம் என்றாலும் பணம் பெரும்பாலும் பெண் வீட்டாருடையது, முதல் மடிப்பில் மஞ்சள் தொடுவது பாட்டி.

பஞ்சமி தீர்த்தம் முடிந்து டிசம்பர் நடுவில் தனுர்மாதம் பிறந்ததும் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிக்கும். கல்யாண முகூர்த்தங்கள் நின்றுபோகும். நெசவாளருக்கும் கடைக்காரருக்கும் அடுத்த கொள்முதல் சங்கராந்திக்குத்தான்.